மழை வந்துவிட்டது, போர்வெல் வண்டியை வரச்சொல்லாதே

அன்புள்ள தம்பிக்கு,

மழை பெய்துவிட்டது. நேற்று போனில் "எத்தனை மில்லிமீட்டர்க்கா?" என்று நீ கேட்டதற்கு, "ஒரு உழவு மழை" என்றேன், ஒரு தடவை உழுகிற அளவுக்கு மழை என்று. சிரித்தாய். சரி, சிரித்துக்கொள். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே, "இது பத்தாது, போர்வெல் வண்டிக்குச் சொல்லிவச்சிருக்கேன், 800 அடி போட்டுடலாம்" என்றாய் பார், அதற்குப் போனில் பதில் சொன்னால் ரெண்டு பேரும் சத்தம் போட்டுத்தான் முடிப்போம். அதனால் எழுதுகிறேன். பொதுவிலேயே எழுதுகிறேன். நிலத்தை ஊரில் அக்காவிடமோ அப்பாவிடமோ விட்டுவிட்டு, பெங்களூரில் இருந்துகொண்டு யோசனை சொல்லும் தம்பிமார் தென்காசி மாவட்டத்துக் கடையம் பக்கத்தில் நீ ஒருத்தன் மட்டுமில்லை.

ஆனியிலிருந்து ஆவணி முடிய நாங்கள் பட்டது உனக்குத் தெரியாது. மலையடிவாரத்தில் தோட்டம் என்றால் வெளியூர்க்காரர்கள் எல்லாம் "உங்களுக்கென்ன, எப்பவும் குளுகுளுன்னு இருக்கும்" என்கிறார்கள். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை உச்சியில் மேகம் கவிந்து கிடக்கிறது. அங்கே மழை கொட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது. நமக்கு வருவது மேல்காற்று, மேற்கேயிருந்து அடிக்கிற காற்று மட்டும்தான். குற்றாலத்துக்குச் செங்கோட்டைக் கணவாய் வழியாக அந்த ஈரக்காற்று புகுந்து சாரலாகிறது. நமக்கு மேற்கே மலை கதவடைத்தாற்போல் நிற்பதால், ஈரத்தை எல்லாம் அந்தப் பக்கத்திலும் உச்சியிலும் இறக்கிவிட்டு, மிச்சக் காற்று வறண்டுபோய் இறங்கி நம் மண்ணில் இருக்கிற ஈரத்தையும் வாரிக்கொண்டு போகிறது. உச்சியில் பெய்த மழையில் ராமநதி அணைக்குத் தண்ணீர் வந்தது. 84 அடி அணை அது. நல்லதுதான், ஆனால் அதெல்லாம் கால்வாய்க்குக் கீழே இருக்கிற நெல் வயலுக்கு. கால்வாய்க்கு மேலே சரிவில் கிடக்கிற நமக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கத்தான் கொடுத்துவைத்திருக்கிறது.

எலுமிச்சை இலையெல்லாம் உள்பக்கமாகச் சுருண்டு நின்றன. கிணற்று மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் காற்று வாங்கும். ஊற்று ஊறட்டும் என்று நிறுத்திவிட்டு, அப்புறம் மறுபடி போட்டு, இன்றைக்கு இந்த வரிசை நாளைக்கு அந்த வரிசை என்று முறைவைத்துத்தான் பாய்ச்சினோம். நெல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது எதையும் தாங்கும். தென்னையில் குரும்பை உதிர்ந்தது.

புரட்டாசி பிறந்து மேல்காற்று விழுந்தது. காற்று நின்ற அன்றைக்கே புழுக்கம் ஆரம்பித்துவிட்டது. மதியத்துக்கு மேல் மலைமேல் மேகம் கட்டும், சாயங்காலம் உறுமும், இருட்டினதும் கலைந்துபோகும். இப்படியே சில நாள் ஏய்த்துவிட்டு நேற்று முன்தினம் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கூடவே "படப்பு நனையுதே, படப்பு நனையுதே" என்று சத்தமும். வைக்கோல் படப்பை மூட தார்ப்பாயை எடுத்துவைக்கச் சொல்லி அவள் ஆடியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். உனக்குச் சொல்லவேண்டியது அங்கே பார்த்ததுதான். மேல் தட்டில், உழாமல் போட்டிருக்கிறோமே அந்தச் சரளை மேட்டில், தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவே இல்லை. எண்ணெய் தேய்த்த தலையில் ஊற்றினாற்போல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. காய்ந்து இறுகிப்போன மண் முதல் மழையை உள்ளே விடாது. செக்கச்செவேல் என்று ஓடைக்குள் போய் விழுகிறது. அத்தனையும் நம் மேல்மண். கீழ்த்தட்டில், சித்திரையில் சரிவுக்குக் குறுக்கே உழுதுபோட்டு, மரத்தைச் சுற்றித் தேங்காய்க் கதம்பையும் தென்னை ஓலையும் மூடாக்குப் போட்ட இடத்தில் ஓட்டமே இல்லை. உழவுச்சால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நின்று, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குமிழி விட்டுக்கொண்டு உள்ளே போயிற்று.

மறுநாள் காலையில் மண்வெட்டியால் ரெண்டு இடத்திலும் வெட்டிப் பார்த்தேன். மேல் தட்டில் ரெண்டு விரற்கடை ஈரம், அதற்குக் கீழே பொடிமண். கீழ்த்தட்டில் மண்வெட்டி முழுசும் இறங்கியது, அடி வரைக்கும் ஈரம். பெய்தது ஒரே மழை. இப்போது சொல், எத்தனை மில்லிமீட்டர்?

நீ கணக்குக்காரன், அதனால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 40 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் 1,60,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. 10,000 லிட்டர் லாரியில் 16 லோடு, சும்மா வந்து இறங்குகிறது. அதை ஓடைக்கு விட்டுவிட்டு, 800 அடி ஆழத்தில் போய்த் தண்ணீர் தேடலாம் என்கிறாய்.

நம் அடிவாரத்தில் மண் கொஞ்சம்தான். அதற்குக் கீழே சரளை, அப்புறம் உளுத்த பாறை, அதற்கும் கீழே கெட்டிக் கருங்கல். தண்ணீர் தங்குவது அந்த உளுத்த பாறையில். கருங்கல்லில் வெடிப்பு இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நீரோட்டம் பார்த்துச் சொன்ன இடத்தில் போட்டார்கள். கடைசிவரை புகைதான் வந்தது. ஊரே வெள்ளையாகப் பாறைத்தூள் படிந்துகிடந்தது. ஒருவேளை நமக்கு வெடிப்பு அகப்பட்டே விட்டது என்று வை, அது பக்கத்துக் கிணற்று ஊற்றோடு சேர்ந்த வெடிப்பாக இருந்தால்? அவர்கள் முகத்தில் தினமும் விழிக்கவேண்டியது நான், நீ இல்லை.

தாத்தா வெட்டிய கிணற்றைப் போய்ப் பார்த்தேன். மழை பெய்த அன்றைக்கு ஒன்றுமில்லை, மேலே விழுந்த தண்ணீர் கலங்கலாகக் கிடந்தது, அவ்வளவுதான். இன்றைக்குக் காலையில் மேற்குச் சுவரில், மூன்றாவது படிக்குக் கீழே ரெண்டு பாறை சேருகிற இடம் இருக்கிறதே, நீ சின்னப்பிள்ளையில் கால் வைத்து ஏறுவாயே, அங்கே கறுப்பாக ஒரு ஈரக்கோடு. கொஞ்ச நேரம் கழித்து அதிலிருந்து ஒரு சொட்டு. மேலேயிருந்து மண்ணுக்குள் புகுந்த தண்ணீர் பாறை இடுக்குவழி வர இத்தனை நேரம் ஆகிறது. கிணற்றுக்கு மேற்கே எவ்வளவு நிறுத்துகிறோமோ அவ்வளவுதான் இங்கே ஊறும்.

மழை அதிகம் பெய்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதே. 2023 டிசம்பர் 17, 18-ஐ மறந்துவிட்டாயா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. குளமெல்லாம் பெருகி மறுகால் பாய்ந்தது, கரை உடைந்ததும் உண்டு. நமக்கு அந்த மழையில் மிஞ்சியது மேல் தட்டு வரப்பில் விழுந்த உடைப்புதான். அதை இன்னும் கட்டவில்லை. அந்த உடைப்பு வழியாகத்தான் நேற்று முன்தினமும் தண்ணீர் போனது.

எலுமிச்சையைப் பற்றிக் கேட்டாய். காய்ந்து கிடந்த மரத்துக்குத் தண்ணீர் கிடைத்தால் பூவெடுக்கும், அது தெரிந்ததுதான். இப்போது எடுக்கிற பூ பங்குனி, சித்திரையில் காயாகும், விலை நிற்கிற நேரம். அதனால் இந்த வறட்சியிலும் ஒரு லாபம் இருக்கிறது, மரம் பிழைத்தவரைக்கும். ஆனால் ஐப்பசியில் அடைமழை பிடித்துத் தூர்ப்பக்கம் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அடிமரத்தைச் சுற்றி மண் அணைத்து, வட்டப்பாத்தியை இன்னும் தள்ளி எடுக்க ஆள் விட்டிருக்கிறேன். இதில் இன்னொரு தொல்லை, மண் இளகினதும் பன்றி வந்துவிட்டது. நேற்று ராத்திரியே கீழ்த்தட்டு ஓரத்தை உழுதுவிட்டுப் போயிருக்கிறது. அதுவும் மழைக்குத்தான் காத்திருந்தது போல.

போருக்கு வைத்திருக்கிற பணத்தை அனுப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐப்பசிக்கு முன்னால் உடைப்பைக் கட்டி, மேல் தட்டில் சரிவுக்குக் குறுக்கே ரெண்டு வரப்பு போடவேண்டும். ஜேசிபி ஒரு நாள் ஓடினால் போதும். கீழ் மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டலாம், அந்த இடத்தில் எப்படியும் ஒன்றும் விளைவதில்லை. கிணற்றைத் தூர்வாருவதைப் பங்குனிக்குத் தள்ளிவைத்துக்கொள்ளலாம், இப்போது தண்ணீர் ஊற ஆரம்பித்துவிட்டது. மீதியிருந்தால் படப்புக்கு நல்ல தார்ப்பாய் ஒன்று வாங்கவேண்டும், இல்லையென்றால் அம்மா என்னை விடமாட்டாள்.

ஜேசிபிக்காரர் திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அவருக்கு முன்பணம் கொடுக்கவேண்டும். போர் வண்டிக்காரரிடம் நீயே பேசி வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ சொல்லிவைத்தது, நான் சொன்னால் கேட்கமாட்டார்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா