தம்பியின் மாற்றுச் சான்றிதழ்

அன்பு மகளுக்கு,

அம்மா சொல்லி எழுதுவதாக நினைக்காதே, நானாகத்தான் எழுதுகிறேன். தம்பி பத்தாம் வகுப்பில் 471 எடுத்ததைச் சொன்னபோது அவ்வளவு மகிழ்ந்து பேசிய நீ, அவனை உன் பழைய மெட்ரிக் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குக் கேட்கிறார்கள் என்றதும் "சரிப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். மூன்று வாரமாக அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாய்.

கட்டணம் தள்ளுபடி, விடுதி இலவசம், நீட் பயிற்சியும் உண்டு என்கிறார்கள். 2019-இல் உனக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதுவேதான். மாற்றுச் சான்றிதழ் கேட்கப் போனபோது தலைமையாசிரியர் என்னை உட்கார வைத்து விளக்கினார்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு. கடைசி இரண்டு ஆண்டு வெளியே போனால் முன் படித்த ஐந்தாண்டும் கணக்கில் வராது. அரசு உதவி பெறும் பள்ளிக்குப் போனாலும் அப்படியே. பொறியியல், வேளாண்மை, சட்டம் எல்லாவற்றுக்கும் 2021 முதல் இதே விதி. அதில் இடம் கிடைத்தவர்களுக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. எனக்கா தெரியாது? புதிதாகக் கேட்பவனைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

போகாதே என்று தம்பியிடம் நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூத்தவள் நீ. வேதியியலில் பட்டம் பெற்று, யார் தயவும் இல்லாமல் வேலையில் சேர்ந்து நிற்கிறாய். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று ஊரார் அறிவார்கள். ஆனால் தம்பி விஷயத்தில் வாய் மூடியிருப்பது சரியில்லை. அந்தப் பள்ளியில் இயற்பியல் நன்றாக நடத்துவார்கள் என்பதும் உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் 7.5-க்குள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு மட்டும் போட்டி; வெளியே வந்தால் பல ஆண்டு பயிற்சி எடுத்துத் திரும்பத் திரும்ப எழுதுபவர்களோடெல்லாம் போட்டி.

உன்னை மாற்றியபோது இந்தச் சட்டமே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மைதான், ஆனால் உன்னை மாற்றியது உன் படிப்புக்காக மட்டும் அல்ல. அந்தப் பள்ளியின் பிளெக்ஸ் பேனரில் உன் படத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நீ வேண்டாம் என்றாய். 2020 அக்டோபர் கடைசியில் ஆளுநர் ஒப்புதல் தந்த செய்தி வந்த நாளிதழை மடித்துப் பீரோவுக்குள் வைத்தேன். நீ கேட்டபோது, "அது மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு" என்றேன். உன்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெண், அரசுப் பள்ளியிலேயே படித்து, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அன்றுதான் உனக்கு எல்லாம் தெரிந்தது. அன்று நீ சாப்பிடாமல் படுத்தாய். தலைவலி என்று அம்மாவிடம் சொன்னவன் நான்.

சான்றிதழுக்கான விண்ணப்பம் மேசை மேல் இருக்கிறது, கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமை வரை இடம் வைத்திருப்பார்களாம். தம்பி உன் பேச்சைத்தான் கேட்பான். என்னிடம் பேச வேண்டும் என்றில்லை. அதற்குள் அவனிடம் பேசு. நாளிதழைப் பற்றியும் அவனிடம் சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அப்பா