குட்டையான பிட்சர்களும் இருந்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பேஸ்பால் கட்டுரை, ஆறடி இல்லாதவருக்குப் பிட்சர் (பேட் செய்பவருக்குப் பந்து எறிபவர்) வேலை ஆதியிலிருந்தே எட்டாக்கனி என்கிறது. இன்றைய ஆட்டத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆதிக்குப் பொருந்தாது.

அமெரிக்காவின் முதல் தொழில்முறை லீக்கான நேஷனல் அசோசியேஷன், 1871 மே 4 அன்று இந்தியானாவின் ஃபோர்ட் வேனில் தொடங்கியது. உள்ளூர் அணிக்குப் பந்து போட்டவர் பாபி மேத்யூஸ். வயது 19, உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 140 பவுண்டு. எதிரே கிளீவ்லாண்ட் அணி. ஒரு ரன்கூட விடாமல் 2-0 என்று முடித்துவிட்டார். மறு ஆண்டு நியூயார்க் மியூச்சுவல்ஸ் அணியில் அறிமுகமான கேண்டி கம்மிங்ஸ் சற்று உயரம்தான், 5 அடி 9 அங்குலம். ஆனால் எடை 120 பவுண்டு, நம் கணக்கில் 54 கிலோ! முதல் சீசனிலேயே 33 ஆட்டம் ஜெயித்தார்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அன்றைய விதி அப்படி. பிட்சருக்கும் பேட் செய்பவருக்கும் இடையே 45 அடிதான். கையை இடுப்புக்குக் கீழேதான் வீச வேண்டும். போதாததற்கு, பந்து மேலே வேண்டுமா கீழே வேண்டுமா என்று பேட் செய்பவரே கேட்டு வாங்கலாம். உயரத்திலிருந்து பந்தை இறக்கவே வழியில்லாதபோது நெட்டையாக இருந்து என்ன லாபம்? மணிக்கட்டு வித்தைதான் எடுபட்டது. கம்மிங்ஸின் வளைபந்து அப்படி வந்ததுதான். தலைக்கு மேல் கையைச் சுழற்ற, பின்னால் வந்த நேஷனல் லீக் என்ற தொழில்முறை லீக் அனுமதித்தது 1884இல். தூரம் 60 அடி 6 அங்குலமானது 1893இல்.

1871இலேயே பாஸ்டன் அணியில் அறிமுகமான பிட்சர் ஆல் ஸ்பால்டிங் 6 அடி 1 அங்குலம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெட்டையர்களும் இருந்தார்கள், சரி. உயரம் ஒரு தகுதியாக இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம், மேலே சொன்ன எடைகளைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்; பதிவேடுகளில் ஓர் ஆட்டக்காரருக்கு ஒரே எடைதான் இருக்கும். புட் கால்வின் என்ற பிட்சருக்கு 190 பவுண்டு என்று போட்டிருப்பார்கள். 1875இல் 18 வயதில் களமிறங்கிய பையனுக்கும் அதே எடை என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

இடையில் அந்த 45 அடி தூரம் 50 அடியான பிறகும் மேத்யூஸ் பிலடெல்பியாவுக்காக 1883 முதல் 1885 வரை ஆண்டுக்கு 30 ஆட்டம் ஜெயித்தார். மொத்தம் 297 வெற்றி. பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் கம்மிங்ஸ் இருக்கிறார், மேத்யூஸ் இல்லை. கட்டுரையாளர் அடுத்த முறை அவருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், திண்டுக்கல்