உள்ளாட்சித் தேர்தலிலும் தபால் ஓட்டு வேண்டும்: மாநிலத் தேர்தல் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

2019 டிசம்பர் 30, திங்கட்கிழமை. சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு அன்றுதான் ஊரக உள்ளாட்சி வாக்குப்பதிவு. 81 வயது அப்பத்தாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நானும் சித்தப்பாவும் பள்ளிக்கூடம் வரை தூக்கிக்கொண்டு போனோம். வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நாலு சீட்டு கொடுத்தார்கள். "இதுல தண்ணி விடச் சொல்றவருக்கு எந்தச் சீட்டுய்யா?" என்று அப்பத்தா கேட்டது. இளஞ்சிவப்பு, ஊராட்சித் தலைவருக்கு என்று சொன்னார்கள். அதை மட்டும் இரண்டு முறை மடித்துச் சரிபார்த்துப் பெட்டியில் போட்டது.

2021 சட்டமன்றத் தேர்தலில் அந்த நாற்காலிக்கு வேலை இல்லாமல் போனது. 80 வயதைக் கடந்தவர்கள் 12டி படிவம் கொடுத்தால் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம் என்றார்கள். கொடுத்தோம். அலுவலர்கள், போலீஸ்காரர், வீடியோ எடுப்பவர் என ஒரு குழுவே திண்ணைக்கு வந்தது. மறைப்பு வைத்து, ஓட்டு வாங்கி, உறையை ஒட்டி எடுத்துப் போனார்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கு வயது வரம்பை 85 ஆக்கினார்கள். அப்பத்தாவுக்கு அப்போது 86. மறுபடியும் வீட்டிலேயே ஓட்டு.

டெல்லிக்குப் போகிறவரையும் கோட்டைக்குப் போகிறவரையும் தேர்ந்தெடுக்க வீடு தேடி வந்தார்கள். தெருவில் தண்ணீர் விடுகிறவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் அப்பத்தாவை மறுபடியும் நாற்காலியில் தூக்க வேண்டுமா?

12டி இந்தியத் தேர்தல் ஆணையத்தின் ஏற்பாடு, உள்ளாட்சித் தேர்தல் வேறு என்பது எனக்குத் தெரியும். அரசியல் சட்டத்தின் 243கே, 243இசட்ஏ பிரிவுகள் உள்ளாட்சி வாக்காளர் பட்டியலையும் தேர்தலையும் உங்கள் பொறுப்பில் வைத்திருக்கின்றன. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு. தேர்தல் பணிக்குப் போகும் அரசு ஊழியர்களுக்கு உள்ளாட்சியிலும் தபால் ஓட்டு உண்டு. அந்த வழியை இன்னும் சிலருக்குத் திறந்துவிடுங்கள் என்பதுதான் கோரிக்கை. 1995ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் தேர்தல் விதிகளில் திருத்தம் தேவைப்பட்டால், அரசுக்கு அந்தப் பரிந்துரை உங்களிடமிருந்து போகட்டும்.

முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் வாதாடவே தேவையில்லை. மாதிரி கண்முன் இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நான் அழுத்திக் கேட்பது என்னைப் போல வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்காக.

2019 உள்ளாட்சித் தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு இரவு கோயம்பேட்டில் பஸ் ஏறினேன். திங்கள் ஓட்டுப் போட்டுவிட்டு அன்றிரவே திரும்பினேன். ஒரு நாள் சம்பளம் போனது. சென்னையில் அன்று தேர்தல் இல்லை, நான் வேலை பார்த்த இடத்தில் லீவும் இல்லை. என்னோடு அறையில் இருந்த எங்கள் தெருப் பையன்கள் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது யாரால் இரண்டு முறை ஊருக்குப் போய்வர முடியும்? எங்கள் வார்டில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் நடுவில் இருந்தது ஒற்றை இலக்க வித்தியாசம். வராமல் போன எங்கள் தெருக்காரர்கள் அதைவிட அதிகம். சட்டமன்றத் தொகுதியில் பத்துப் பேர் வராவிட்டால் கணக்கிலேயே தெரியாது. சில நூறு பேர் ஓட்டுப் போடும் வார்டில் பத்துப் பேர் என்பது முடிவையே மாற்றிவிடும்.

"இருக்கும் இடத்துக்கே பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சென்னையில் குடும்பத்தோடு நிலைத்துவிட்டவர் 8ஆம் எண் படிவம் கொடுத்து மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. ஆனால் நான் ஆறு வருடத்தில் நாலு அறை மாறியிருக்கிறேன். என் வீடும், வீட்டு வரி ரசீதும், ரேஷன் அட்டையும் ஊரில் இருக்கின்றன. ஒருவர் தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் மட்டும் அந்த ஊரில் வசிப்பவர் அல்லாமல் ஆகிவிட மாட்டார் என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவே சொல்கிறது. பட்டியலில் பெயர் இருக்கலாம், ஆனால் ஓட்டுப் போட நேரில் வந்தே தீர வேண்டும் என்றால் அந்த உரிமையில் பாதிதான் எங்கள் கைக்கு வருகிறது.

நடைமுறையில் முடியுமா என்று நானே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். 2019இல் வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் டிசம்பர் 19. முதல் கட்ட வாக்குப்பதிவு 27. எண்ணிக்கை 2020 ஜனவரி 2. அதாவது யார் யார் போட்டியில் இருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எண்ணும் நாள் வரை இரண்டு வாரம் இருந்தது. சீட்டைத் தபாலில் அனுப்பித் தபாலிலேயே திரும்ப வாங்குவதற்கு இது போதாது. ஆனால் ராணுவத்தினருக்கு 2016 முதல் ஒரு வழி இருக்கிறது. வாக்குச்சீட்டு மின்னணு முறையில் போகிறது, அங்கே அச்செடுத்து, குறியிட்டு, தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். சீட்டு போய்ச் சேர ஆகும் நாட்கள் மிச்சம். ஊராட்சித் தேர்தல் காகிதச் சீட்டில்தான் நடக்கிறது என்பதால் இதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம்.

ஒரு பயம் எனக்கும் உண்டு. சீட்டைத் தங்கும் விடுதிக்கே அனுப்பினால் மேஸ்திரியோ ஏஜென்டோ மொத்தமாக வாங்கிக் குத்திவிடுவார். இரகசியம் போய்விடும். அதனால் சீட்டு எங்கள் கைக்கு வர வேண்டாம். சென்னை, கோவை, திருப்பூர் போன்ற ஊர்களில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மையம் வையுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள் விண்ணப்பித்தவர்களின் சீட்டுகள் மட்டும் அங்கே அச்சாகட்டும். அடையாள அட்டையோடு நேரில் போய், முகவர்கள் முன்னிலையில், மறைப்புக்குள் குறியிட்டு உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஊர்ப் பட்டியலில் எங்கள் பெயருக்கு எதிரே "தபால் ஓட்டு" என்று குறித்துவிட்டால் இரண்டாவது முறை யாரும் போட முடியாது. தேர்தல் பணியாளர்கள் தபால் ஓட்டை இப்படி வசதி மையத்திலேயே போட வேண்டும் என்று மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களுக்கு 2023இல் விதி வந்தது. அது அவர்களுக்குச் சரிப்படும் என்றால் எங்களுக்கும் சரிப்படும்.

அப்புறம், பட்டியல். உள்ளாட்சிக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. புதிதாகப் பெயர் சேர்க்க 6ஆம் எண் படிவம் போதும், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதில் 18 நிறைந்தாலும் தகுதி உண்டு. இது பலருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத இடம் அந்தப் பட்டியலை வார்டு வார்டாகப் பிரிப்பது. எங்கள் தெருவில் ஒரே வீட்டில் அப்பா ஒரு வார்டிலும் மகள் இன்னொரு வார்டிலும் இருந்தார்கள். ஊரில் இருப்பவர் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியதைப் பார்த்துச் சொல்லித் திருத்தலாம். வெளியூரில் இருப்பவருக்கு ஓட்டுச்சாவடியில்தான் தெரியும். வார்டு வாரியான வரைவு வெளியாகும் அன்றே, பட்டியலில் பதிந்திருக்கும் கைபேசி எண்ணுக்கு "உங்கள் வார்டு இது, திருத்தக் கடைசி நாள் இது" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

2016இல் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019இல்தான் தேர்தல் வந்தது. அப்படி வந்த மன்றங்களின் காலமும் 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். இத்தனை வருடம் காத்திருந்து கிடைக்கும் ஓட்டை, பஸ் டிக்கெட் கிடைக்காததால் விட மனமில்லை.

ஒரே நேரத்தில் எல்லாம் முடியாது என்றால் வீட்டிலிருந்து ஓட்டுப் போடும் ஏற்பாட்டை முதலில் கொண்டுவாருங்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சென்னையில் ஒரே ஒரு மையம் வைத்துச் சோதித்துப் பாருங்கள். அறிவிப்பு வந்த முதல் நாளே அப்பத்தாவுக்கு ஒரு படிவமும் எனக்கு ஒரு படிவமும் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
சென்னையில் வேலை பார்க்கும் சிவகங்கை மாவட்ட வாக்காளர் ஒருவர்