பெயர்ப் பலகையும் பவுச்சும்: ஆறாவது புகார்

அனுப்புநர்: உப்பேரிக் (நேந்திரங்காய் சிப்ஸ்) கடை உரிமையாளர், களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு, போர்டு - டிசைன் கம்பெனி, திருவனந்தபுரம்.

பொருள்: கோல்டு பேக்கேஜில் செய்த பெயர்ப் பலகை, லோகோ, உப்பேரி அடைக்கும் பவுச் ஆகியவற்றைத் திருத்தித் தருதல் அல்லது பணத்தைத் திருப்பித் தருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் எழுதும் ஆறாவது புகார். முதல் ஐந்தும் வாட்ஸ்ஆப்பிலும் மெயிலிலும் வந்தன. ஐந்துக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில். இனிப் பேசிப் பயனில்லை என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

கோல்டு பேக்கேஜில் என்னென்ன அடக்கம் என்று உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டாம். 38,500 ரூபாயில் 30,000 கட்டிவிட்டேன். போர்டு மாட்டியாயிற்று, பவுச் 2,000 அடித்து வந்தாயிற்று. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

முதலில் போர்டு. என் மாமியார் காலத்திலிருந்து மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து, ஓரத்தில் ஒரு ஏத்தக்குலை (நேந்திரன் வாழைக்குலை). பெயிண்டர் கையால் வரைந்தது. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் ஓடுகிற வண்டிக்காரர்கள் கடைப் பெயரைச் சொல்வதே இல்லை. "மஞ்ச போர்டு கடையில ஒண்ணு நிறுத்துங்கண்ணே" என்றுதான் சொல்வார்கள். அந்த மஞ்சள்தான் எங்கள் லோகோ என்று உங்கள் ஆளிடம் முதல் நாளே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, கரும்சாம்பல் பலகையில் முடிபோல மெலிந்த வெள்ளை எழுத்தை வைத்தார். 'பிரீமியம் லுக்' என்றார். லேப்டாப்பில் ஒரு சாண் தூரத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் வாடிக்கையாளர் பார்ப்பது நெடுஞ்சாலையில் ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து. இரண்டு மூன்று விநாடியில் எழுத்து கண்ணில் விழ வேண்டும். மெலிந்த எழுத்து அந்த வேகத்தில் கரைந்துபோகிறது, சாயங்காலமானால் பலகையே தெரிவதில்லை. நெய்யாற்றின்கரையிலிருந்து மாதம் தவறாமல் வருகிற ஒரு டீச்சர் கடையைத் தாண்டிக் குழித்துறைவரை போய்விட்டு, அங்கிருந்து போன் பண்ணி, "கடைய மூடிட்டீங்களா?" என்று கேட்டார். கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதோடு, பலகையில் ஆங்கிலம்தான் பெரிது. தமிழ் கீழே விரல்கடை அளவு. தமிழ்நாட்டுக் கடைகள் சட்ட விதிப்படி பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது போர்டு செய்து பிழைக்கிற கம்பெனிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தொழிலாளர் துறையிலிருந்து வந்து அபராதம் போட்டால் கட்டப் போவது நீங்களா? மலையாளம் கேட்டிருந்தேன், எங்கள் வியாபாரத்தில் பாதி அந்தப் பக்கத்து ஆட்கள். அதை அடியோடு விட்டுவிட்டார்கள்.

பவுச்சில் மலையாளம் வந்திருக்கிறது, அது வராமலே இருந்திருக்கலாம். 'உப்பேரி' என்ற வார்த்தையில் கொம்பு 'ப்ப'வுக்கு முன்னால் நிற்க வேண்டியது, பின்னால் தனியாகத் தொங்குகிறது. தமிழில் 'தேங்காய் எண்ணெய்' என்பதிலும் அதே கதி, இரட்டைக் கொம்பு 'த'வுக்கு அடுத்து நிற்கிறது. பிளஸ் டூ படிக்கிற என் தங்கச்சி மகன் பார்த்ததும் சொன்னான்: ஃபோட்டோஷாப்பில் டைப் செட்டிங்கில் தெற்காசிய மொழிக்கான ஒன்றை மாற்றாமல் ஒட்டினால் இப்படித்தான் உடையுமாம். அவனுக்குத் தெரிந்தது உங்கள் சீனியர் டிசைனருக்குத் தெரியாதா?

உணவு வியாபாரத்துக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் 14 இலக்கம். நான் சர்டிபிகேட் நகலே கொடுத்திருந்தேன். பவுச்சில் 13 இலக்கம்தான் இருக்கிறது. ஒரு இலக்கம் விட்டதில் 2,000 பவுச்சும் குப்பை.

இதை நேரில் காட்டத்தான் திருவனந்தபுரம் வந்தேன். அந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "சனிக்கிழமை வாங்க, டிசைனர் இருப்பார்" என்று சொன்னது உங்கள் ஆபீஸ்தான். சனிக்கிழமை எனக்கு நல்ல வியாபாரம் உள்ள நாள். அடுப்பை அணைத்து, ஷட்டரை இழுத்துவிட்டு, காலை ஏழு மணி பஸ் ஏறினேன். விடியற்காலையில் போட்ட உப்பேரி ஒரு பொட்டலம் கையில். நேராக எண்ணெயில் சீவி, மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீர் விட்டு, எண்ணெய் பொங்கி அடங்கி, சலசலப்பு நின்றதும் அரித்தெடுத்தது. அந்த மஞ்சள் நிறத்தைக் கண்ணால் பார்த்து பவுச்சுக்கு நிறம் வைக்கட்டும் என்று கொண்டுவந்தேன். டிசைனர் லீவு. மூன்று மணிவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன், தண்ணீர்கூட யாரும் தரவில்லை. கடைசியில் தாடி வைத்த உங்கள் கஸ்டமர் கேர் ஆள் என் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே பக்கத்து ஆளிடம் சொன்னார்: "பாண்டிக் கடைக்கு இது மதி."

'பாண்டி' என்று தமிழர்களை இளக்காரமாகச் சொல்வது, 'மதி' என்றால் போதும். களியக்காவிளையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மலையாளம் தெரியாது என்று நினைத்தாரா? எனக்கு வார்த்தை வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட எனக்கு அதுதான் முதலில்.

பவுச்சைப் பற்றி இன்னும் முடியவில்லை. முழுக் கறுப்பு மேட். வெளிச்சம் பட்டால் எண்ணெய்ப் பலகாரம் சீக்கிரம் காறிப்போகும், அதனால் மூடின பவுச் நல்லது என்று டிசைனர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்பக்கம் ஒரு சின்ன ஜன்னலாவது விடச் சொன்னேனே? உப்பேரி வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். இப்போது கையில் எடுத்து "இது காப்பித்தூளா?" என்று கேட்கிறார்கள். தேங்காய் எண்ணெய் விற்கிற விலையில் பாமாயிலுக்கு மாறாமல் நிற்கிறோம். அந்த ஒரு வரி முன்பக்கம் பெரிதாக வர வேண்டியது, பின்னால் பார்கோடுக்கு அடியில் கிடக்கிறது, அதுவும் உடைந்த எழுத்தில். மொபைலில் பளிச்சென்று காட்டிய இலைப் பச்சை அச்சில் வாடிய பச்சையாக வந்திருக்கிறது. திரையில் தெரிகிற எல்லா நிறமும் நான்கு மை அச்சில் வராது என்று மார்த்தாண்டத்துப் பிரஸ்காரர்தான் எனக்குச் சொன்னார். சாம்பிள் அடித்துக் காட்ட வேண்டியது நீங்கள் அல்லவா?

லோகோவின் ஒரிஜினல் ஃபைலும் தரவில்லை. ஒரு சின்ன ஜேபெக் அனுப்பினீர்கள். ஃபிளெக்ஸுக்குப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைல் கேட்டால் தனியாக 4,000 ரூபாய் என்கிறார்கள். நான் காசு கொடுத்துச் செய்ததை எனக்கே விற்கிறீர்களா?

ஓணம் போய்விட்டது. உப்பேரியும் வெல்லப்பாகில் புரட்டின சர்க்கரைவரட்டியும் மலைபோலப் போகிற பத்து நாள், இந்த வருஷம் எண்ணெய் வாங்கின கடன்தான் மிச்சம். மாமியார் சேர்த்த பெயர் முழுவதும் உங்களால் அழிந்தது என்றே சொல்வேன்.

சண்டை போட வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. கார்த்திகை ஒன்றாம் தேதி பிறந்தால் ஐயப்பன்மார் வண்டிகள் இந்த வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும். அதற்குள் மஞ்சளில் சிவப்பாகத் தடித்த எழுத்தில், தமிழ் முதலிலும் மலையாளம் அடுத்தும் வைத்துப் போர்டு மாற்றித் தாருங்கள். பவுச்சைச் சரியான உரிம எண்ணோடு உங்கள் செலவில் திரும்ப அடித்துத் தாருங்கள். வெக்டர் ஃபைல் தாருங்கள். மீதி 8,500 ரூபாயை அன்றே கட்டிவிடுகிறேன், கூடுதலாக ஒரு பைசாவும் கேட்க மாட்டேன்.

முடியாது என்றால் 30,000 ரூபாயைத் திருப்புங்கள். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்து, நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம்வரை கட்டணமும் இல்லை. கடைக்காரி நுகர்வோர் இல்லை என்று உங்கள் வக்கீல் சொன்னால், சுயதொழில் செய்து பிழைக்கிறவர்களையும் அந்தச் சட்டம் நுகர்வோராகவே வைத்திருக்கிறது என்று காட்டுவேன்.

பழைய தகரத்தைக் கொல்லையில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் அந்த மஞ்சளை நேரில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு தவிர எந்த நாளும் கடையில் இருப்பேன். அந்தத் தாடிக்காரரை மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
மஞ்ச போர்டு கடைக்காரி,
களியக்காவிளை.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது நகல், உரிமச் சான்றிதழ் நகல், பவுச் ஒன்று, பழைய போர்டின் போட்டோ.