கண்ணி கோத்த கை

அஸ்தம்பட்டி, சேலம்
தை 20

அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும், ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்தவரிடம் நீ கொடுத்தனுப்பிய மிளகுப் பொட்டலமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. காப்பிப் பழம் பறித்து முடிந்து உனக்குச் சற்று ஓய்வு கிடைத்திருப்பது அறிந்து மகிழ்ச்சி. மூட்டுவலியைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். மணிவேலையை உனக்கும் கற்றுத் தர முடியுமா என்றும், மே மாதக் கோடை விழாவில் என் கைவேலைகளை வைத்து ஒரு கடை போட்டால் என்ன என்றும் நீ கேட்டிருக்கிறாய். அவ்விரண்டுக்கும் மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன்.

இந்த வேலையில் நான் திட்டமிட்டு இறங்கவில்லை. தம்பி மகளுக்குத் துணையாக ஆரி வேலை வகுப்புக்குச் சென்றபோது, அங்கே ஒரு டப்பாவில் பல அளவுகளும் கலந்து கிடந்த சுகர் பீட்ஸ் என்னும் பொடிக் கண்ணாடி மணிகளைக் கண்டு, யாரும் சொல்லாமலேயே அவற்றைப் பருமன் வாரியாகப் பிரிக்க உட்கார்ந்துவிட்டேன். வகுப்பு முடிந்து அவள் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்தேன். ஆனால் துணியில் மணியைத் தைப்பதில் எனக்கு மனம் செல்லவில்லை. துணியே இல்லாமல், நூலும் மணியும் மட்டும் கொண்டு பட்டையாகப் பின்னும் பெயோட்டி என்ற தையல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. இரட்டைப்படை எண்ணில் மணிகளைக் கோத்து, மேலும் ஒரு மணியை ஊசியில் எடுத்து, கடைசியாகக் கோத்ததை விட்டுவிட்டு அதற்கு முந்தையதன் துளைக்குள் ஊசியைத் திருப்பி நுழைக்க வேண்டும். இப்படியே ஒன்று விட்டு ஒன்றாகச் சென்றால், முதலில் கோத்த மணிகளே இரண்டு வரிசைகளாகப் பிரிந்து, செங்கற்சுவர் போல ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று வந்து அமர்ந்துகொள்ளும். புதிதாகச் சேர்க்கும் மணிகளால் ஆன அந்த மூன்றாம் வரிசை பிடிபடும்வரை எல்லாம் புழுப்போல நெளியும். நான் நான்கு முறை அறுத்து எறிந்தேன்.

மணிகளின் அளவெண்ணைக் கண்டதும் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. பதினோராம் எண் மணி சுமார் 2 மில்லிமீட்டர். எட்டாம் எண் அதைவிடப் பெரிது, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். பதினைந்தாம் எண் கடுகைப் போன்றது. எண் ஏற ஏற மணி சிறுக்கும் இந்தத் தலைகீழ்க் கணக்கு எல்லோரையும் குழப்புகிறது, என்னைக் குழப்பவில்லை. கம்பிக்கும் அதே கணக்குத்தான். 20 கேஜ் கம்பி 0.8 மில்லிமீட்டர், 24 கேஜ் கம்பி அரை மில்லிமீட்டர். கம்பியச்சின் துளைகள் வழியாக எத்தனை முறை இழுத்தார்கள் என்பதிலிருந்து பிறந்த எண் அது. இழுக்க இழுக்கக் கம்பி மெலியும், எண் கூடும். சிவதாபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறையில் அப்பா இழுத்ததை இரவுதோறும் பார்த்து வளர்ந்தவள் நான்.

கல்லூரி விடுதியில் மூன்றாண்டுகள் ஒரே அறையில் இருந்தும், எங்கள் வீட்டில் கொலுசு வேலை நடந்ததை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வெள்ளி எடையிட்டு வரும். கொலுசாகத் திரும்ப எடையிட்டுப் போகும். சேதாரத்துக்கென்று ஒதுக்கியதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். ஆகையால் அந்த அறையைக் கூட்டிய குப்பையைக்கூட வெளியே கொட்டாமல் தகர டின்னில் சேர்த்து வைப்போம். உருக்குவது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு; எங்கள் பங்கு கண்ணி, அதாவது சங்கிலியின் சிறு வளையம், கோப்பது. பள்ளி விட்டு வந்ததும் தாம்பாளத்தின் முன் அமர்ந்து, அம்மா போட்ட கணக்கு முடியும்வரை எழ முடியாது. கண்ணியின் வாயைப் பிளக்காதே, பக்கவாட்டில் திருப்பு என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். பிளந்தால் வட்டம் கெட்டு, மூடிய பிறகும் நூலிடை இடைவெளி நிற்கும். இன்று பயிற்சி வகுப்புகளில் ஜம்ப் ரிங் என்று சொல்லி முதல் பாடமாக நடத்துவது இதைத்தான். வேலை கிடைத்த அன்றே, இனி இந்தக் குறட்டைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடவும் இல்லை.

பழைய அனுபவம் எல்லா இடத்திலும் கைகொடுத்துவிடவில்லை. தம்பி மகளின் வளைகாப்புக்குக் கண்ணாடிக் குழல்மணிகளை வைத்து ஒரு கழுத்தணி செய்து கொடுத்தேன். பெண்கள் வளையல் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அது அறுந்து, மணிகள் மண்டபம் முழுவதும் உருண்டன. குழல்மணி குழாயை வெட்டிச் செய்வது. அதன் விளிம்பு கூராக இருந்து நூலை அறுத்துவிடுகிறது. ஒவ்வொரு குழலின் இருபுறமும் ஓர் உருண்டை மணியைக் காவலாக வைத்திருக்க வேண்டும். வெள்ளியில் இத்தகைய சங்கடம் கிடையாதாகையால் எனக்கு அது தோன்றவே இல்லை. பெரியவர்கள் சகுனம் பேசத் தொடங்கிய அந்த ஐந்து நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். (குழந்தை நலமாகப் பிறந்து, இப்போது என் மணி டப்பாக்களைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறது.)

திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில், உலையிலிருந்து கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கி மணியாக்கும் தொழில் இருந்து வந்தது. அரிக்கமேட்டில் கிடைத்த சிறு கண்ணாடி மணிகளும் இவ்வாறு இழுத்துச் செய்தவையே. முனை மழுக்குவதன் அருமை எனக்கு வளைகாப்பு மண்டபத்தில்தான் விளங்கியது. நமக்கு இன்னும் அருகே, நொய்யல் கரைக் கொடுமணலில், பாதி வேலையில் நின்றுபோன கல்மணிகளையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய கொடுமணம் அது என்பார்கள். முழுமையான அணிகளைவிட அந்த அரைகுறை மணிகளின் மீதே என் எண்ணம் செல்கிறது. துளையிடும்போது கல் பிளந்தால், அன்றைய கூலியில் யார் பிடித்தார்களோ.

கடையைப் பற்றிய உன் யோசனைக்கு வருகிறேன். இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கைப்பட்டைக்குப் பதினோராம் எண் மணி ஆயிரத்துக்கு மேல் வேண்டும். எனக்கு அது பத்து மாலைப் பொழுதின் வேலை. இதற்கு ஐந்நூறு ரூபாய் தாராளமாகத் தருவார்கள் என்று எழுதியிருக்கிறாய். தருவார்கள், இதேபோல இன்னும் பத்து வேண்டும் என்றும் கேட்பார்கள். அந்தப் பத்து என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் தாம்பாளம் என் முன் வந்துவிடும். தவிரவும், போன முறை மேலே வந்தபோது ஏரிக்கரையில் பாசிமணி விற்ற நரிக்குறவப் பெண்மணியின் அருகில் அரைமணி நேரம் நின்றேன். குறட்டின் முனையில் கம்பியைச் சுருட்டி, மணியைச் சேர்த்து, அடுத்த கொக்கியில் மாட்டி மூடுவதற்குள் நான் ஒரு முறைகூடக் கண்ணிமைத்திருக்க மாட்டேன். அவர் நூறு ரூபாய் சொன்ன மாலையை நாற்பதுக்குக் கேட்டார்கள். ஓய்வூதியம் வாங்குகிற நான், கூலியைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு விலை சொல்லிப் பக்கத்தில் கடை விரித்தால், அவருடைய நூறு ரூபாய் இன்னும் அதிகமாகத் தோன்றும். இதைத் தம்பியிடம் சொன்னபோது, உனக்கு வறட்டு கௌரவம் என்றான். இருக்கலாம், ஆயினும் கடை வேண்டாம்.

கற்றுத் தருவதில் தடையில்லை. உனக்குக் கண்ணில் அறுவை செய்து ஆறு மாதமே ஆகியிருப்பதால் எட்டாம் எண் மணியில் தொடங்கலாம். சின்னக்கடை வீதியில் கிடைக்கும் மலிவு மணிகளில் பருமன் சீராக இருக்காது. பத்தில் இரண்டு மூன்றைக் கழிக்க வேண்டும், அந்தப் பொறுக்கலை உனக்கும் சேர்த்து நானே செய்துவிடுகிறேன். மியுகி போன்ற ஜப்பானிய மணிகள் அச்சில் வார்த்தாற்போல் இருக்கும். விலை அதிகம், இரண்டாவது பட்டைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பத்தாம் எண் மணி ஊசியும் நைலான் நூலும் கொண்டுவருகிறேன். நூலை ஒரு பாகத்துக்கு (இரு கைகளையும் விரித்த நீளத்துக்கு) மேல் வெட்டாதே, சிக்கிக்கொள்ளும்; தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் முறுக்கேறாது. மெழுகு உங்கள் தோட்டத்துப் பக்கம் நல்லதாகக் கிடைக்குமே, ஓர் உருண்டை வாங்கி வை. விளிம்புள்ள தட்டு ஒன்றும், மணி உருளாமலிருக்க அதில் விரிக்கப் பழைய வெல்வெட் துணியும் தேடி எடு. உன் வீட்டுக் கூடத்தில் விளக்கு மங்கல் என்பதால் காலையில் கிழக்கு ஜன்னலருகே உட்காரலாம்.

மாசி இரண்டாவது வாரத்தில், முதல் பேருந்திலேயே வருகிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் டப்பா கவிழாமல் வந்து சேர்ந்தால், அன்றே மூன்றாம் வரிசையை முடித்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி