எங்கள் ஓவிய வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

ஓராண்டு முழுவதும் ஒரே பொருளைப் பார்ப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயப் படையும், அங்கே குடியேறிய டச்சு வழியினரான போயர்களும் மோதிய இரு போர்களைப் (1880–81, 1899–1902) பற்றிய ஓவியங்கள் என்று பொருள் அமைந்தது. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அன்று கேட்டவர்களில் நானும் ஒருவன். மாதக் கூட்டங்கள் பன்னிரண்டும் நடந்தன. மழையால் ஒன்று மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போனது.

முதல் மூன்று கூட்டங்களை முதல் போரின் 1881ஆம் ஆண்டே எடுத்துக்கொண்டது. ஆங்கிலேய ஓவியர் லேடி பட்லர் 1882இல் தீட்டிய ‘ஃபுளோரியாட் ஈட்டோனா’வைத் (‘ஈட்டன் செழிக்கட்டும்’) திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். லெய்ங்ஸ் நெக் என்ற கணவாயின் சரிவில், 1881 ஜனவரி 28 அன்று, எல்வெஸ் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி தாம் படித்த ஈட்டன் பள்ளியின் அந்த வாழ்த்தைக் கூவியபடி குதிரையில் பாய்கிறார். அந்தப் பாய்ச்சலிலேயே அவர் மாண்டார். அவரைச் சுட்ட போயர்களைப் படத்தில் காணோம். குதிரைகள் நம்மை நோக்கி வருகின்றன. அப்படியானால் நாம் நிற்கும் இடம்தானே போயர்கள் இருந்த இடம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அன்று மாலை முழுவதும் அதைப் பற்றியே பேச்சு. லேடி பட்லரின் கணவர் சர் வில்லியம் பட்லர் பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் படைத்தலைவராக இருந்து, இரண்டாம் போர் வேண்டாம் என்று வாதாடி, 1899இல் பதவி விலகினார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

லெய்ங்ஸ் நெக் சண்டைக்கு அடுத்த மாதமே மஜூபா மலையில் ஆங்கிலேயத் தளபதி சர் ஜார்ஜ் கோலி கொல்லப்பட்டார். ஆங்கிலேயர் தரப்பில் 92 பேர் இறந்தார்கள். போயர் தரப்பில் இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆங்கிலேய ஓவியர் கேட்டன் வுட்வில் அந்தச் சண்டையை 1889இல் வரைந்தார்.

இரண்டாம் போர் ஓவியர்களுக்கு வேறு சிக்கலைக் கொண்டுவந்தது. ஆங்கிலேய வீரர்களின் செஞ்சட்டை போய்க் காக்கி வந்துவிட்டது. புகையில்லா வெடிமருந்தும் போயர்களின் தொலைதூரம் சுடும் மௌசர் துப்பாக்கியும் சுடுபவனை மறைத்துவிட்டன. காணாத எதிரியை எப்படி வரைவது? 1899 டிசம்பர் 15 அன்று கொலென்சோ என்ற ஊரில் ஆங்கிலேயரின் 12 பீரங்கிகள் திறந்த வெளியில் மாட்டிக்கொண்டன. பத்து பறிபோயின, இரண்டை மீட்டார்கள். ஓவியர்களுக்குப் பிடித்துப்போனது அந்த மீட்புதான்: வாய் நுரைக்கும் குதிரைகள், தெறிக்கும் புழுதி, சரியும் வீரர்கள். இழந்த பத்தின் கதை நாம் பார்த்த ஓவியத் துணிகளில் ஏறவில்லை. இது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

நெருடலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் போரில் அடிபட்டவர்களைத் தூக்கிச் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய இந்திய மருத்துவ உதவிப் படையினரும் இருந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 1,100 பேர். சுமார் 300 பேர் தவிர மற்றவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர் ஆண்ட நேட்டாலின் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஸ்பியான் காப் என்ற மலையில் நடந்த சண்டையின்போது நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல் வரை சுமந்து நடந்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். காயமடைந்த ஆங்கிலேயத் தளபதி உட்கேட்டைச் சுமந்ததும் அவர்களே. இந்த ஆண்டு நாம் பார்த்த ஓவியங்களில் ஒன்றில்கூட அவர்கள் இல்லை.

இரண்டாம் போரில் ஆங்கிலேயர் போயர் குடும்பங்களை அடைத்துவைத்த தடுப்பு முகாம்கள் பற்றிய கூட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ழான் வெபேர் 1901இல் வரைந்த கேலிச்சித்திரங்களையும், தென்னாப்பிரிக்க நகரமான புளும்ஃபான்டைனில் 1913இல் திறக்கப்பட்ட பெண்கள் நினைவுச் சின்னத்தின் படங்களையும் பார்த்தோம். முகாம்களில் 26,000க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். தனி முகாம்களில் இறந்த கறுப்பின மக்களுக்கு அந்தச் சின்னத்தில் இடமில்லை. அன்று வருகை குறைவு. வராதவர்களுக்காக அதை மீண்டும் நடத்த வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். திரைக்கருவியை ஆண்டு முழுவதும் இரவல் தந்த உறுப்பினருக்கு நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு திட்டங்கள். போயர் போர்க்கைதிகள் திருச்சியிலும் நீலகிரியின் கேத்தியிலும் இலங்கையின் தியத்தலாவையிலும் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஓய்ந்த நேரத்தில் மரத்திலும் எலும்பிலும் பொருள்கள் செதுக்கினார்கள். கேத்திக்கு ஒரு நாள் பயணம் போகலாம். இரண்டாவதாக, வரையத் தெரிந்த நம் உறுப்பினர்கள் ஸ்பியான் காப் சரிவில் தூக்குப்படுக்கையுடன் இறங்கும் அந்த மனிதர்களைத் தீட்ட வேண்டும். துணிக்கும் வண்ணத்துக்கும் ஆகும் செலவை வட்டமே ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

செயலாளர்