எத்தனை படங்கள் இருந்தன, எத்தனை இருக்கின்றன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பயண நூல்களையும் வரலாற்று நூல்களையும் சேர்ப்பவர்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்ததற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் ஒரு நூல் எவ்வளவுக்கு எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு அவ்வளவு அரியது என்ற பொருளில் அதில் வந்த ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை நம்பி ஒருவர் பரணிலிருந்து எடுத்த புத்தகத்தை ஆண்டை மட்டும் பார்த்து விற்கவோ தூக்கிப் போடவோ கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவள். பயண நூல்கள் சேர்க்கும் பழக்கம் வேலையில் இருந்த காலத்திலேயே வந்துவிட்டது. முழு செட் வாங்கும் வசதி எனக்குக் கிடையாது. என்னிடம் இருப்பவை பெரும்பாலும் தனிப் பாகங்கள், அட்டை பிரிந்தவை, முதுகு போனவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு அட்டை எழுதி வைத்திருக்கிறேன். அந்த அட்டையில் நான் முதலில் எழுதுவது ஆண்டை அல்ல. இந்த நூலில் எத்தனை தாள்கள், எத்தனை படங்கள், எத்தனை வரைபடங்கள் இருந்திருக்க வேண்டும், இந்தப் பிரதியில் எத்தனை இருக்கின்றன என்பதைத்தான்.

இப்படி எழுத ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு 18ஆம் நூற்றாண்டுக் கடற்பயண நூல் ஒன்றை விற்பனைப் பட்டியலில் பார்த்துத் தபாலில் வரவழைத்தேன். 'முழுமையான பிரதி, நல்ல நிலை' என்று போட்டிருந்தார்கள். பிரித்துப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் எழுத்துகளுக்கு மேலேயே பழுப்பு நிறத்தில் மங்கலாக ஏதோ படர்ந்திருந்தது. தண்ணீர்க் கறை என்றுதான் முதலில் நினைத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஒரு கடற்கரை. வளைகுடாவும் தீவுகளும் இடவலம் மாறி அந்தப் பக்கத்தில் பதிந்திருந்தன. எதிரே வரைபடம் இல்லை. தையலை ஒட்டி விரல் நகம் அகலத்துக்கு ஒரு துண்டுத் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓரம் கத்தியால் அறுத்ததுபோல் நேராக இருந்தது. இருநூறு ஆண்டுக்கும் மேலாக அங்கே மடிந்து கிடந்த வரைபடத்தின் மை எதிர்ப் பக்கத்தில் இறங்கியிருக்கிறது. வரைபடம் போய்விட்டது, அதன் நிழல் மட்டும் மிச்சம்.

பிறகு நூலின் கடைசித் தாளைப் பார்த்தேன். அந்தக் காலப் பயண நூல்கள் பலவற்றில் எந்தப் படம் எந்தப் பக்கத்துக்கு எதிரே வர வேண்டும் என்று பைண்டருக்கு ஒரு குறிப்பு அச்சிட்டிருப்பார்கள். அந்தக் குறிப்பில் 5 படங்கள் இருந்தன, என் கையில் இருந்த பிரதியில் 4. அந்தக் கடைசித் தாளைப் படிக்க விற்றவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. எண்ணவில்லை, அவ்வளவுதான். எண்ணாமல் 'முழுமை' என்று எழுதினார். எனக்கு அதுதான் ஆற்றவில்லை.

மற்ற நூல்களைவிடப் பயண நூல்களுக்கு இந்தக் கேடு அதிகம். அவற்றில் வரைபடம் உண்டு, துறைமுகக் காட்சி உண்டு, செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட மனிதர்களும் மரங்களும் உண்டு. ஒவ்வொன்றையும் பிரித்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஒரு நூலைக் குலைத்தால் 20 படம் கிடைக்கும் என்று கணக்குப் போடுபவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். கத்திக்குத் தப்பியதை மடிப்பு பார்த்துக்கொள்ளும். 1486ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் அச்சான பிரைடன்பாகின் புனித நாட்டுப் பயண நூலைச் சொல்லலாம். ஓவியர் ரூவிஷ் கூடவே பயணம் போய் வரைந்து வந்தவர். அதில் வெனிஸ் நகரக் காட்சி மட்டும் விரித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளும். அவ்வளவு நீளத் தாளை ஐந்நூறு ஆண்டுகளாக யார் யாரோ விரித்து மடித்திருக்கிறார்கள் என்றால் மடிப்புகள் என்ன பாடு பட்டிருக்கும்! விவரக் குறிப்பில் 'மடிப்பில் கிழிசல், பின்னால் தாள் ஒட்டியது' என்று ஒரு வரி எழுதுவது புத்தகத்துக்கு அவமானம் இல்லை. எழுதாமல் விடுவதுதான் அவமானம்.

சரி, எண்ணுவது எப்படி? பக்க எண்களை மட்டும் நம்பக் கூடாது. கையால் எழுத்துக் கோத்த காலத்தில் பக்க எண் தாவும், திரும்ப வரும். நம்ப வேண்டியது ஃபாரக் குறியை. ஒரு பெரிய தாளில் அச்சிட்டு, மடித்துச் சேர்த்துத் தைக்கிற கட்டைத்தான் ஃபாரம் என்போம். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் சில தாள்களிலும் அடியில் சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். ஆங்கில எழுத்துகள் 26 என்றாலும் பழைய அச்சுக்காரர்களின் வரிசையில் 23தான். ஐ, ஜே இரண்டுக்கும் சேர்த்து ஒன்று, யு, வி இரண்டுக்கும் ஒன்று, டபிள்யூ கிடையாது. இது தெரியாமல் ஜே ஃபாரம் தொலைந்துவிட்டது என்று நானே ஒரு நல்ல பிரதிக்கான குறிப்பு அட்டையில் 'குறையுள்ளது' என்று எழுதி, மூன்று மாதம் கழித்து அடித்துத் திருத்தினேன். அந்த அட்டையை இன்னும் மாற்றவில்லை.

அப்புறம் தாள். கையால் செய்த தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஏறக்குறைய ஓர் அங்குல இடைவெளியில் கோடுகள் தெரியும். முழுத் தாளை ஒரு தடவை மடித்த நூலில் அவை நிமிர்ந்து நிற்கும். இரண்டு தடவை மடித்ததில் படுத்திருக்கும். மூன்று தடவை மடித்தால் திரும்பவும் நிமிரும். நூல் முழுக்கக் கோடு படுத்திருக்க, ஒரே ஒரு தாளில் மட்டும் நிமிர்ந்து நின்றால், அல்லது கோடே இல்லாமல் போனால், அந்தத் தாள் வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம். பிற்காலத்தில் நகலெடுத்துச் செருகியதாகவும் இருக்கலாம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு ஜன்னல் போதும்.

எதையெல்லாம் குறையாகச் சொல்லக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கேப்டன் குக்கின் மூன்றாம் பயண நூல் 1784ல் மூன்று பாகங்களும் ஒரு பெரிய படத்தொகுதியுமாக லண்டனில் வந்தது. முதல் இரண்டு பாகங்கள் குக்கின் குறிப்புகளிலிருந்து உருவானவை. அவர் ஹவாயில் கொல்லப்பட்டதையும் அதன் பிறகு நடந்ததையும் மூன்றாம் பாகத்தில் அந்தப் பயணத்தில் அதிகாரியாகப் போன ஜேம்ஸ் கிங் எழுதினார். என்னிடம் இருப்பது அந்த மூன்றாம் பாகம் மட்டும். குக் கொல்லப்படும் காட்சியை அந்தப் பயணத்தில் கூடவே போன ஓவியர் வெப்பர் வரைந்தார்; அதைச் செப்புத்தகட்டில் செதுக்கித் தனியாக விற்றார்கள். வாங்கியவர்களில் சிலர் தங்கள் பிரதியில் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். ஆகவே அது ஒரு பிரதியில் இல்லாவிட்டால் குறை என்று எழுதக் கூடாது, இருந்தால் 'கூடுதலாகச் சேர்த்தது' என்று எழுத வேண்டும். இன்னொன்று, முதல் பதிப்பின் தலைப்புத் தாளில் அச்சிட்டவர் டபிள்யூ. அண்ட் ஏ. ஸ்ட்ரஹான் என்றிருக்கும், 1785ல் வந்த இரண்டாம் பதிப்பில் எச். ஹியூஸ் என்றிருக்கும். இரண்டையும் கலந்து ஒரு செட்டாக்கி வைத்திருப்பதும் உண்டு. கலந்திருந்தால் பரவாயில்லை, கலந்தது என்று சொல்லிவிட்டால் போதும்.

சில சமயம் இல்லாத பக்கங்களே வரலாறாகிவிடும். ஆங்கிலேயரின் கடற்பயணங்களை ஹக்லுயிட் தொகுத்த நூலின் விரிவான பதிப்பு 1598 முதல் 1600 வரை மூன்று பாகங்களாக வந்தது. முதல் பாகத்தின் தலைப்புத் தாளில், ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில் ஆங்கிலேயர் பெற்ற வெற்றியைப் பெருமையாகப் போட்டிருந்தார்கள். அந்தப் படையெடுப்பில் முன்னின்ற எஸெக்ஸ் பிரபு பிறகு ராணி முதலாம் எலிசபெத்தின் கோபத்துக்கு ஆளானார். 1599ல் மாற்றி அச்சிட்ட தலைப்புத் தாளில் காடிஸ் இல்லை; அதைப் பற்றிய பக்கங்களும் பல பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டில் அதே பக்கங்களைப் புதிதாக அச்சிட்டுச் சில பிரதிகளில் செருகினார்கள். ஒரு பிரதியில் இந்தப் பக்கங்கள் இருக்கின்றனவா, இருந்தால் எந்தக் காலத்துத் தாள் என்பதை எழுதுகிற மனிதர் ஓர் அரசவையின் சண்டையையே பதிவு செய்கிறார். 'பழைய நூல், தோல் கட்டு' என்று எழுதுகிறவர் அதைக் குப்பையில் போடுகிறார்.

பிழை திருத்தியவள் என்பதால் இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கையச்சுக் காலத்தில் அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழையைப் பார்த்து நிறுத்துவார்கள், எழுத்தை மாற்றுவார்கள், திரும்ப ஓட்டுவார்கள். அதற்குள் அச்சான தாள்களைத் தூக்கி எறிய மாட்டார்கள்; தாளின் விலை அப்படி. திருந்திய தாளும் திருந்தாத தாளும் கலந்துதான் புத்தகமாகும். அதனால் ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகள் அப்படியே ஒன்றாக இருக்கும் என்று நினைக்க முடியாது. வேறொரு பிரதி ஏற்கெனவே நூலகத்தில் இருக்கிறதே என்று ஒன்றைக் கழித்துவிடும்போது எனக்கு மனம் பதறுவது இதனால்தான்.

வீட்டில் பழைய புத்தகம் கண்டெடுப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளாகும், பிறகு எடுப்பது மிகவும் கடினம். புது பைண்டிங் போடுகிறேன் என்று ஓரங்களை வெட்டக் கொடுக்காதீர்கள். முதல் பக்கத்தில் யாரோ பெயரும் தேதியும் எழுதியிருந்தால் ரப்பரால் அழிக்காதீர்கள், அந்தப் புத்தகம் யார் யார் கைக்குப் போனது என்பதற்கு அதுதான் சாட்சி. ராமபாணம் துளைத்த ஓட்டையைக்கூட எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று குறித்து வையுங்கள். களவு போன ஒரு வரைபடம் எங்கோ கிடைத்தால், அதன் துளை நூலின் துளையோடு பொருந்துகிறதா என்று பார்த்துச் சொந்த இடத்தை அடையாளம் காண முடியும்.

கட்டுரையோடு ஒரு படமும் போட்டிருந்தீர்கள்: மேசையில் விரித்து வைத்த பழைய கடல்வரைபடம், ஓரத்தில் ஒரு கை. அழகான படம். அது நூலோடு இணைந்திருக்கிறதா, தனியாகப் பிரித்ததா என்று உருப்பெருக்கி வைத்துப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. எந்த நூல், எந்த ஆண்டு, எந்தப் பக்கத்துக்கு எதிரே இருந்தது என்று படம் எடுத்தவரிடம் கேட்டு, அடுத்த ஞாயிறு ஒரு வரி வெளியிட முடியுமா? என் அட்டைகளில் ஒன்றை அதற்காகக் காலியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி